படகின் பருவமும் திமிங்கிலத்தின் பருவமும்

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராஜமலைக்குச் செல்லும் வழியை வனத்துறை அடைத்துவிடும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகள் குட்டி ஈனும் காலம் அது. அந்த வாரங்களில் டிக்கெட் கிடையாது, வனத்துறையின் பேருந்தும் மேலே ஏறாது. மூணாறிலிருந்து வட்டவடை வரை ஜீப் ஓட்டுகிறவர்களுக்கும் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இது பழகிப்போன விஷயம். ராஜமலை மூடியிருக்கிறதா, சரி, வண்டியை டாப் ஸ்டேஷனுக்கும் பாம்பாடும் சோலைக்கும் வட்டவடைப் பூண்டுத் தோட்டங்களுக்கும் திருப்புவார்கள். ஆனால் இதே பிப்ரவரி, மார்ச்சில் இங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவில் நடப்பது நேர்மாறு. திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு அது உச்ச காலம். விடியலில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் படகுகள் ஒரே திசையில் வரிசையாக ஓடுகின்றன. விளம்பரத் தாள்கள் இதைத் ‘திமிங்கிலப் பருவம்’ என்கின்றன. உண்மையில் அது படகின் பருவம். இந்தக் குழப்பம் தீராதவரை, அந்தக் கடலில் உயிர்களுக்கு ஓய்வு தரும் விதி எதையும் உருப்படியாக எழுத முடியாது.

படகின் பருவத்தை முடிவு செய்வது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதவாக்கில் எழும்பினால் மிரிஸ்ஸக் கடல் கொந்தளிக்கும். நவம்பரில் தணிந்து ஏப்ரல் வரை அமைதியாகக் கிடக்கும். திருகோணமலையில் கணக்கு தலைகீழ். தீவின் நடுவே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குக் காற்றின் மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்ள, கிழக்குக் கரைக்கு வறண்ட கச்சானும் படகுக்கு ஏற்ற கடலும் வாய்க்கின்றன. வட்டவடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மூணாறு நனைந்து ஊறும் ஜூலையில் ஆனைமுடித் தொடரின் மறைவில் இருக்கும் இந்த ஊர் மிதமான சாரலோடு தப்பிக்கொள்வதும் அதே காற்றின் அதே வேலைதான். மேற்குக் கரையில் கற்பிட்டியின் டால்பின் படகுகளும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓடும். ஆக, தெற்கிலும் மேற்கிலும் கடை கட்டினால் கிழக்கில் திறக்கிறார்கள். தீவு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடையடைப்பு மாதம் என்று ஒன்று அநேகமாக இல்லை.

திமிங்கிலம் இந்தக் கால அட்டவணைப்படி வந்து போகிறதா? உலகின் பெரும்பாலான நீலத்திமிங்கிலங்கள் கோடையில் துருவக் கடலுக்குப் போய் மேயும், குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். இலங்கையைச் சுற்றியுள்ளவை இந்தப் பொது விதிக்கு அடங்காதவை. 2003இல் கடல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ் இங்கே திமிங்கிலங்கள் கழித்த சிவந்த எச்சம் மிதப்பதைக் கண்டார். எச்சம் இருந்தால் இரை தின்றிருக்க வேண்டும். வெப்பக் கடலில் இவை பட்டினி கிடக்கும் என்ற பாடப்புத்தக எண்ணத்தை அவருடைய தொடர் ஆய்வு அசைத்தது. இந்தக் கூட்டம் துருவம் வரை போவதில்லை. வட இந்தியப் பெருங்கடலிலேயே வாழ்ந்து, சிறு இறால் வகைகளைத் தின்று, இங்கேயே குட்டியும் போடுகிறது. தென்கரையில் அடிக்கடலின் சத்து மேலெழுந்து இரை பெருக உதவுவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான். அதாவது சுற்றுலாப் படகு கட்டிக் கிடக்கும் மாதங்களில். கரையிலிருந்து பார்க்கிறவருக்குத் திமிங்கிலம் போய்விட்டது போலத் தெரியும். பார்க்கப் போகிறவர்கள்தாம் போய்விட்டார்கள். எனவே மிரிஸ்ஸவில் திமிங்கிலத்துக்கு இன்று கிடைக்கும் ஒரே ஓய்வு, மனிதர் யோசித்துக் கொடுத்ததல்ல. கடல் சீறுவதால் தற்செயலாகக் கிடைப்பது. நாளைக்குப் பெரிய, உறுதியான படகுகள் வந்துவிட்டால் அதுவும் போகும்.

இந்தக் கூட்டத்துக்குப் பழைய காயமும் உண்டு. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் உலகுக்குத் தெரியாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. கணக்கு வெளியே வந்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான். 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. அதையொட்டி 1982 முதல் 1984 வரை ‘டூலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு அப்பால் ஸ்பெர்ம் திமிங்கிலங்களையும் நீலத்திமிங்கிலங்களையும் பதிவு செய்தார்கள். அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாய்க்கு மிக அருகிலேயே ஆழ்ந்து இறங்குகிறது. ஆழ்கடல் உயிரைக் கரையிலிருந்தே பார்க்கக்கூடிய அபூர்வமான இடம். பிறகு யுத்தம் வந்தது, கடல் மூடிக்கொண்டது. தென்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு மெல்லத் தொடங்கிய திமிங்கிலச் சுற்றுலா, 2009இல் யுத்தம் முடிந்ததும் பெருகியது. கொல்லும் தொழிலிலிருந்து பார்க்கும் தொழிலுக்கு மாறியதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் பார்ப்பதால் தீங்கே இல்லை என்று அதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம்.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நீலத்திமிங்கிலம் மேலே வந்ததும் முதலில் தெரிவது ஒன்பது மீட்டர் வரை நேராக எழும் மூச்சுத் தூவல். அடுத்து நீண்ட சாம்பல்நீல முதுகு. உடம்போடு ஒப்பிட்டால் சிரிப்பு வருமளவு சிறிய முதுகுத் துடுப்பு அதற்கும் பின்னால் வரும். சில நிமிடங்களில் பல மூச்சுகளை எடுத்துக்கொண்டு, வாலைத் தூக்கிக் காட்டி, ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஆழத்தில் மறையும். அது போன இடத்தில் அலையடங்கி வழவழவென்று ஒரு வட்டம் கொஞ்ச நேரம் நிற்கும். மேலே இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் அதற்கு ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளும் நேரம். படகுக்காரருக்கோ அதுதான் வியாபார நேரம். ஒரு படகிலிருந்து கை நீண்டால் மற்ற எல்லாப் படகும் அந்தப் பக்கம் திரும்பும். மூச்சுகள் முடியும் முன்பே அது முழுகினால், அடுத்த முறை குறைந்த கையிருப்போடு இரை தேட வேண்டும். ஒரு தடவை நடந்தால் ஒன்றுமில்லை. ஒரு பருவம் முழுக்க, காலைதோறும் நடந்தால் கணக்கு வேறு. இலங்கையில் 2012இல் வந்த விதிமுறைகள் திமிங்கிலத்திலிருந்து 100 மீட்டர் விலகி நிற்கச் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அது ஒவ்வொரு படகையும் தனித்தனியாக அளக்கிறது. பத்துப் படகுகள் சுற்றிலும் 101 மீட்டரில் நின்றால் விதி மீறப்படவில்லை, திமிங்கிலத்துக்குத்தான் போக வழியில்லை.

கற்பிட்டியில் பிரச்சினை தூரத்தைவிட நேரத்தைச் சார்ந்தது. அங்கே நூற்றுக்கணக்கில் கூடித் துள்ளிச் சுழலும் ஸ்பின்னர் டால்பின்கள் இரவில் ஆழ்கடலிலிருந்து மேலெழும் சிறு மீன்களையும் கணவாயையும் வேட்டையாடுகின்றன. பகலில்தான் அவற்றுக்குத் தூக்கம். படகுகள் போவது காலையில், அவை இரவுப்பாடு முடித்துத் திரும்பும் வேளையில். துள்ளலைப் பார்த்து மகிழ்ச்சி என்று நாம் படித்துக்கொள்கிறோம். கலைந்து போன ஓய்வாகவும் அது இருக்கலாம். ஹவாயில் இதே இனத்துக்கு இதே சிக்கல் வந்தபோது, 2021இல் அமெரிக்க அரசு 50 கஜத்துக்குள் நீந்துவதையும் படகு நெருங்குவதையும் தடை செய்தது. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் பகல் ஓய்வு கெடுகிறது என்பதே.

இதற்குப் படகுத் தரப்பிலிருந்து வரும் மிக வலுவான எதிர்வாதம் கப்பல்கள். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் ஊடாகவே போகிறது. கப்பல் மோதிச் செத்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. ஒரு சரக்குக் கப்பலை எதிரே வைத்தால் சுற்றுலாப் படகு கொசு. முழுக்க உண்மை, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கப்பல்காரர் செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து வெகுவாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, எம்எஸ்சி என்ற உலகின் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் 2022இல் சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே தன் கப்பல்களைத் தள்ளி ஓட்டத் தொடங்கியது. அத்தனை பெரிய கப்பலே வளைந்து போக முடியும் என்றால், சிறிய படகு தன்னால் முடியாது என்று சொல்வது எடுபடாது. அது மட்டுமல்ல, எஞ்சின் இரைச்சல் வந்தாலே படகு என்று பழகிப்போன திமிங்கிலம் கப்பலின் இரைச்சலை எப்படிப் பிரித்தறியும் என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டு தீங்குகளையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு எடை பார்க்க முடியாது.

அடுத்தது பிழைப்பு. சுனாமியில் படகையும் வலையையும் இழந்து இந்தத் தொழிலுக்கு வந்த மீனவக் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் போய் ஓய்வு கொடு என்று சொல்ல மலையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இருக்கட்டும், நடைமுறையைப் பார்ப்போம். மீனவருக்கு மூடுகாலம் புதிதல்ல. கேரளத்தில் 1988 முதல் மழைக்கால விசைப்படகுத் தடை இருக்கிறது. இப்போது 52 நாள். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். தடை வந்தபோது எதிர்த்தவர்களில் பலர், வலை மீண்டும் இறங்கியதும் கனக்கிறது என்று கண்ட பிறகு தடையை விட நிவாரணத் தொகையைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். அது நியாயமான சண்டை. ராஜமலையும் ஆண்டுக்கு இரண்டு மாதம் மூடியதால் மூணாறு நொடித்துப் போகவில்லை. இரவிகுளத்தில் வரையாடு இன்று எண்ணூறைத் தாண்டி நிற்பதற்குக் கதவடைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பல பத்தாண்டுக் காவலும் புல்வெளிப் பராமரிப்பும் அதில் இருக்கின்றன. ஆனால் ஆடு இல்லாவிட்டால் டிக்கெட்டும் இல்லை என்பதை ஜீப்காரரே இப்போது சொல்வார். நியூசிலாந்தின் கைகூராவில் மாவோரி மக்கள் 1987இல் தொடங்கிய திமிங்கிலச் சுற்றுலா உலகப் பெயர் பெற்றது, அதுவும் எண்ணி வழங்கப்படும் உரிமத்தின் கீழ்.

மிஞ்சும் எதிர்ப்பு அறிவியல் சார்ந்தது, எளிதில் தள்ள முடியாதது. வரையாடு குட்டி போடும் மாதம் தெரியும், அதனால் கதவைச் சாத்தலாம். ஆண்டு முழுக்க இங்கேயே சுற்றும் திமிங்கிலத்துக்கு எந்த மாதத்தை மூடுவது? சரியான கேள்வி. மாதத்தை மூட முடியாதபோது மணியை மூடலாம், இடத்தை மூடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு கட்டலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எழுபத்துச் சொச்சமே எஞ்சியிருக்கும் ஓர்காக் கூட்டத்துக்காக 2021இல் அப்படித்தான் செய்தார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும், நாளுக்கு இரண்டு தடவை இரண்டு இரண்டு மணி நேரம், ஒரு குழுவை ஒரே நேரத்தில் அணுக மூன்று வணிகப் படகுக்கு மேல் கூடாது. அதுவும் போதாது என்று 2025 முதல் எல்லாப் படகும் 1000 கஜம் விலகியிருக்க வேண்டும் என்றார்கள். தளர்வாகத் தொடங்கிப் பின்னால் இறுக்க நேர்ந்த கதை அது. இலங்கைக்கும் பொருந்தும் வடிவம் கையில் இருக்கிறது. கற்பிட்டியில் டால்பின் தூங்கும் முற்பகலை விட்டுவிடலாம். மிரிஸ்ஸவில் ஒரு திமிங்கிலத்துக்கு இத்தனை படகு, இத்தனை நிமிடம், பிறகு விலகு என்று கட்டலாம். ராஜமலைக்குச் சொந்த வண்டி போகாது, வனத்துறைப் பேருந்துதான் போகும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. மூடாத மாதங்களிலும் ஆட்டைக் காப்பது அந்த ஏற்பாடுதான்.

இதில் மிரிஸ்ஸவைவிட அவசரம் திருகோணமலைக்குத்தான். மிரிஸ்ஸவில் படகு வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருப்பவரிடம் உரிமத்தைத் திரும்பக் கேட்பது பெரிய அரசியல். திருகோணமலையில் இந்தத் தொழில் இன்னும் அந்த அளவு வளரவில்லை, ஆனால் கடலடிப் பள்ளத்தாக்கு அருகில் இருப்பதால் வளரத்தான் போகிறது. வளர்ந்த பிறகு வரம்பு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வட்டவடையே சாட்சி. குறிஞ்சி பூத்த 2006இல் வட்டவடை, கொட்டாக்கம்பூர் கிராமங்களில் 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தார்கள். அதற்குள் அங்கே விவசாயமும் யூகலிப்டஸும் பட்டாவும் ஊன்றிவிட்டிருந்தன. எது எல்லை, யாருடைய பட்டா செல்லும் என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2018இல் குறிஞ்சி மறுபடி பூத்தபோதும் தகராறு தீர்ந்திருக்கவில்லை. திருகோணமலையில் முதலில் உரிம எண்ணிக்கையைத் தீர்மானித்து, அந்த உரிமங்களை அந்தக் கரையின் மீனவர் சங்கங்களுக்கே கொடுத்துவிட்டால், வெளியூர் முதலாளியின் பெரிய படகு வந்து நிற்கும்போது மறுத்துச் சொல்ல ஆளும் இருக்கும், சட்டமும் இருக்கும்.