இடம் ஒரு வாசல், பணம் ஒரு வாசல்

1950களின் நடுவில் மலாயாவில் தமிழர்களிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி வசூல் நடந்தது. கோயில் திருவிழாவுக்கான வசூல் அல்ல, பல்கலைக்கழகத்துக்கானது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கப் பேச்சு எழுந்ததும், அங்கே முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கா என்ற சண்டையும் மூண்டது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதியைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கொடுத்தார்கள். 1956ல் துறை வந்தது, தமிழும் நின்றது.

வெள்ளி கொடுத்த வெட்டுக்காரரின் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் போனதா என்பது வேறு கதை. பேராக் தோட்டங்களில் அந்தக் கதைக்கு எழுபது வயதாகிறது. அதில் எப்போதும் இரண்டு வாசல்கள் இருந்திருக்கின்றன. ஒன்றில் இடம் கிடைக்க வேண்டும், இன்னொன்றில் பணம் கிடைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பிள்ளைக்குத் திறந்த காலம் மிகக் குறைவு.

தோட்டப் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு கொட்டகைதான். வாத்தியார் வேலையைக் கிராணியோ எழுத்துத் தெரிந்த கங்காணியோ பார்த்துக்கொண்டார். மணி அடித்ததும் பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்க ஓடினார்கள். இன்று பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாட்டிலேயே அதிகம் இங்குதான். பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லாடாங்தான் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் தாமான் வந்துவிட்டது.

ஈப்போவுக்கு வடக்கே அரைமணிப் பயணத்தில் சுங்கை சிப்புட். 1948ல் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கிய ஊர் என்றுதான் வரலாற்றுப் புத்தகத்தில் வரும். மலேசிய இந்தியர்களின் கல்விப் பணத்தின் வரலாறும் பாதி இந்த ஊர் வழியாகவே போகிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர்கள் இருவர் இங்கிருந்து நாடாளுமன்றம் போனார்கள். ஆளுக்கு ஒரு நிதி அமைப்பையும் உருவாக்கினார்கள்.

முதலாமவர் துன் வீ. தி. சம்பந்தன். இந்த ஊரிலேயே தோட்டம் வைத்திருந்த வீராசாமியின் மகன். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். தோட்டம் வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளைக்கே பட்டம் கடல் கடந்துதான் கிடைத்த காலம் அது. திரும்பி வந்தவர் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். 1954ல் விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்துவைத்தார். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கினார். தொழிலாளி தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்ட, சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கும் அந்தச் சங்கத்திலிருந்து உதவி போனது. தொகை பெரிதல்ல. ஆனால் அது திருப்பிக் கேட்கப்படாத பணம்.

அன்றைக்குத் தோட்டப் பிள்ளையின் படிப்பை நிறுத்தியது பல்கலைக்கழகக் கட்டணம் என்று நினைத்தால் தப்பு. அதற்கு வெகு முன்பே தடை வந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தால் டவுனில் வேற்றுமொழி வழி இடைநிலைப்பள்ளி. நடுவில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. பஸ் காசு, சீருடை, புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே, பதினைந்து வயதுப் பையன் மரம் வெட்டினால் வீட்டுக்கு வரக்கூடிய கூலி. மூத்தவன் படிப்பை விட்டால்தான் இளையவன் படிக்கலாம் என்று கணக்குப் போட்ட லயங்கள் ஏராளம். எந்த உபகாரச்சம்பளப் பாரமும் அந்த மூத்தவனைக் கணக்கில் எடுத்ததில்லை.

1970ல் நாடு முழுக்கப் பட்டப்படிப்பில் இருந்தவர்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. அவர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு. தீபகற்ப மக்கள்தொகையில் இந்தியர்கள் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்ததால், இது மோசமில்லை என்று தோன்றலாம். நூற்றில் அந்த ஏழு பேர் யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் டவுனில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள்; ரயில்வே குமாஸ்தா, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்க உத்தியோகஸ்தர் ஆகியோரின் பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளை அந்த விழுக்காட்டுக்குள் ஒளிந்திருந்தாலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘இந்தியர்’ என்று ஒரே வரியில் எழுதும் எந்தப் புள்ளிவிவரத்தையும் நான் முழுதாக நம்பாததற்கு இதுவே காரணம்.

பிறகு 1969 இனக் கலவரம். 1971ல் புதிய பொருளாதாரக் கொள்கை. அதே ஆண்டு அரசமைப்பின் 153வது பிரிவில் திருத்தம் செய்து, மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்குப் பல்கலைக்கழக இடங்களை ஒதுக்க வழி செய்தார்கள். இடம் என்ற வாசல் குறுகியது. உள்ளே போய்விட்டால் கட்டணம் சொற்பம்தான். அரசாங்க மானியம் தாங்கிக்கொண்டது. ஆகவே தோட்டங்களில் புது வசனம் ஒன்று பிறந்தது: “இடம் கெடச்சாப் போதும், காச எப்படியாவது பொரட்டிக்கலாம்.” தாலிக்கொடி அடகுக்குப் போனது. கூட்டுச் சீட்டு எடுத்தார்கள். தோட்டத்துக் கோயில் நிதியில் கைமாற்று வாங்கினார்கள். மேல்படிப்பில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தனி மவுசு இருந்தது. அங்கே படிக்கும்போதே அலவன்ஸ், படித்து முடித்ததும் அரசாங்க வேலை. தோட்டத்திலிருந்து எழுந்த முதல் தலைமுறை உத்தியோகஸ்தர்களில் இத்தனை பேர் வாத்தியார்களாக இருப்பதற்கு அந்த அலவன்ஸுக்கும் பங்கு உண்டு. இலட்சியம் ஒரு பக்கம் இருக்கட்டும்.

1982ல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களே ஊர் ஊராகப் போய் டியூஷன் எடுத்தார்கள். 1984ல் சுங்கை சிப்புட்டின் இரண்டாவது தலைவரான சாமிவேலு எம்.ஐ.இ.டி. என்ற கல்வி நிதி அமைப்பைத் தொடங்கினார். 1974 முதல் 2008 வரை தொகுதி அவர் கையில் இருந்தது. எம்.ஐ.இ.டி. கொடுத்தது பெரும்பாலும் கடன். சமூகத்தின் பொதுப் பணப்பெட்டி தானமாகக் கொடுத்த காலம் போய்த் தவணை கேட்கும் காலம் தொடங்கியதை இங்கிருந்தே பார்க்கலாம். இதே அமைப்புதான் 2001ல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது. இடமில்லை என்றால் நாமே இடம் கட்டுவோம் என்ற வீறாப்பு அதில் இருந்தது. ஆனால் தனியார் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்புக் கட்டணத்தைச் செம்பனைக் குலை வெட்டுகிறவர் எங்கே போய்ப் புரட்டுவார்?

திருப்பம் 1996லும் 1997லும் வந்தது. முதலில் தனியார் உயர்கல்விச் சட்டம். கல்லூரிகள் மழைக்காளான்போல முளைத்தன. மறு ஆண்டு பி.டி.பி.டி.என். என்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் ஜூலையில் நிறுவப்பட்டு, நவம்பரில் வேலையைத் தொடங்கியது. அதே கையோடு ஆசிய நிதி நெருக்கடியும் வந்து சேர்ந்தது. ஈயக் குட்டைகள் கிடந்த கம்பாரில் 2007ல் யூ.டி.ஏ.ஆர். என்ற துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் திறந்ததும், செத்துக் கிடந்த டவுன் மாணவர் ஊராகிவிட்டது. பேராக்கில் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் பட்டப்படிப்பு இருந்தது, அதற்குக் கடன் கொடுக்க அரசாங்கமும் இருந்தது. தோட்டங்கள் கலைந்துகொண்டிருந்த வருடங்களும் இவையே. நாடெங்கும் மூன்று இலட்சம் பேர் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பேராக்கில் அவர்கள் வந்து சேர்ந்த இடங்கள் புந்தோங், குனோங் ராப்பாட், மெங்லெம்பு, செம்மோர் பக்கத்து மலிவு விலை வீடுகள்.

பி.டி.பி.டி.என். கடன் பாரத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். மாணவரின் பிறப்புப் பத்திரம், பெற்றோர் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு. தோட்டத்தில் இருந்தவரை ஆபீஸ் கிராணி சம்பளச் சீட்டு கொடுத்தார். இப்போது அப்பா லாரி அட்டெண்டன்ட், அம்மா நாள் கூலிக்குத் துப்புரவு வேலை. சீட்டு ஏது? வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்துக்கு யாரையாவது தேடிப் பிடிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம், சாட்சிக் கையெழுத்துக்கு அரசாங்க அதிகாரி. தொடக்க வருடங்களில் ஜாமீனும் கேட்டார்கள். ஜாமீன் போட்ட தாய்மாமன் பெயரும் சேர்ந்து மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. தெரிந்த அதிகாரி ஒருவர்கூட இல்லாத குடும்பத்துக்கு இந்தக் காகிதங்கள்தான் முதல் நுழைவுத்தேர்வு.

கடன் இல்லாவிட்டால் இத்தனை பேர் படித்திருக்க மாட்டார்கள்; இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1997லிருந்து 30 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கடனை வாங்கியிருக்கிறார்கள். முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்ற சலுகையும் வந்தது. 2008ல் வட்டிக்குப் பதிலாக வருடத்துக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற சேவைக் கட்டணம் ஆனது. என்றாலும் தனியார் கல்லூரிப் பட்டத்துக்கு வருடம் 16,000 ரிங்கிட் வரை கடன் கொடுத்த நாட்களில், மூன்று வருடம் படித்தவர் 48,000 ரிங்கிட் பாரத்தோடு வெளியே வந்தார். 2013ல் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். பெயர் தெரியாத கல்லூரியில் வாங்கிய பட்டத்தோடு ஈப்போ கால் சென்டரில் உட்கார்ந்தவருக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை.

2012 ஏப்ரலில் கடனை ஒழிக்கச் சொல்லி மாணவர்கள் கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்காவில் கூடாரம் போட்டார்கள். கட்டாதவர்களை வெளிநாடு போக விடாமல் தடுக்கும் பட்டியல் அப்போது நடப்பில் இருந்தது. வடக்குப் பையன்கள் வேலைக்குச் சிங்கப்பூர் போவது வழக்கம். ஜொகூர் பாரு குடிநுழைவு முகப்பில் நிறுத்தப்படும்போது, படித்த படிப்பே வேலைக்குப் போகத் தடையாகிவிடும். 2018ல் ஆட்சி மாறியதும் பயணத் தடையை எடுத்தார்கள். நாலாயிரம் ரிங்கிட் சம்பளம் வந்த பிறகு கட்டினால் போதும் என்ற தேர்தல் வாக்குறுதி மட்டும் காற்றோடு போனது.

ஈப்போவிலிருந்து தெற்கே கொஞ்சம் போனால் கோப்பேங். பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி அங்கேதான். ஒரே வருடப் படிப்பு, தங்கும் விடுதி, அரசாங்கத்தின் அலவன்ஸ், முடித்தால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. 2002ல்தான் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு இதில் 10 விழுக்காடு திறந்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தியர்களுக்கு ஓர் எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது: 2012ல் 1,500 இடங்கள், பிறகு 2,200. 2019ல் மொத்த இடங்களை 25,000லிருந்து 40,000 ஆக்கினார்கள். 90-10 விகிதத்தில் கை வைக்கவில்லை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த சில வாரங்களில் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒன்பது ஏ வாங்கியும் இடம் கிடைக்காத மாணவியின் படம் வருவது வருடாந்திரச் சடங்காகவே ஆகிவிட்டது. 2024ல் பிரதமர் அன்வார், பத்து ஏ எடுத்த எல்லோருக்கும் இனம் பாராமல் இடம் என்று அறிவித்தார். நல்லதுதான். ஆனால் சுங்கை சிப்புட் மலிவு விலை வீட்டில், டியூஷன் இல்லாமல், ஏழு ஏ எடுக்கிற பிள்ளை இந்த அறிவிப்புக்குள் வரவில்லை.

2017 ஏப்ரலில் அன்றைய பிரதமர் நஜிப் வெளியிட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம், அரசாங்க உயர்கல்விக் கூடங்களில் இந்தியர் சேர்க்கைக்கு ஓர் இலக்கு வைத்தது: 7 விழுக்காடு. 1970ல் இருந்த அதே ஏழு! மக்கள்தொகையில் இந்தியர் பங்கு சுருங்கிவிட்டதால் இலக்கு கண்ணுக்கு நியாயமாகத் தெரிகிறது. அந்த ஏழுக்குள் தோட்ட வழி வந்தவர்கள் எத்தனை என்று தனியாக எண்ணுவதற்கு அதில் ஏற்பாடு இல்லை.

பேராக்கில் இன்னொரு பரிசோதனையும் நடந்தது. ஜம்ரி மாநிலத்தின் மந்திரி பெசாராக (முதலமைச்சராக) இருந்தபோது, இந்திய மாணவர்களின் கல்விக்காக ஓர் அறவாரியத்துக்கு மாநில அரசு 2,000 ஏக்கர் நிலம் கொடுத்தது. செம்பனை நட்டு, வருமானத்தைப் படிப்புக்குக் கொடுப்பது திட்டம். சம்பந்தனின் கூட்டுறவுச் சங்க யோசனைக்கு இது தூரத்து உறவு. பொறுப்பு யார் கையில், கணக்கு யார் பார்ப்பது என்ற அரசியல் சண்டைகள் கூடவே வந்தன. நிலத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் யோசனை தப்பில்லை. ஒவ்வொரு வருடமும் எவ்வளவு குலை இறங்கியது, எத்தனை பிள்ளைக்கு எவ்வளவு போனது என்பதைப் பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்டிவைத்தால் பாதிச் சண்டை தீரும்.

என் மனக்குறை ஆறாம் படிவத்தைப் பற்றியது. மெட்ரிகுலேஷன் கிடைக்காத தோட்ட வழிப் பிள்ளைகள் பெரும்பாலும் வந்து நிற்பது அங்கேதான். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். பாடமும் லேசுப்பட்டதல்ல: பதினெட்டு மாதம், மூன்று தவணை. மெட்ரிகுலேஷனுக்கு வெளியே, கடனில்லாமல், காசில்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போக இன்றும் இருக்கும் வழி அது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் அவர்களுக்கு விடுதி கிடையாது, மாத அலவன்ஸ் கிடையாது. கோப்பேங்கில் வசதி குறைந்த மாணவருக்குச் செமஸ்டருக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அதே மார்க்கோடு டவுன் பள்ளியில் ஆறாம் படிவம் படிப்பவருக்கு வருடத்துக்கு 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி. அதுவும் 2025ல்தான் அவர்கள் வரை நீண்டது. இரண்டு பேரும் பல்கலைக்கழக நுழைவுக்கான ஒரே யூ.பி.யூ. பாரத்தைத்தான் நிரப்பப் போகிறார்கள். கோட்டா பற்றிய சண்டை இன்னும் எத்தனை வருடம் ஓடுமோ தெரியாது. இந்த அலவன்ஸைச் சமமாக்க அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.