வலைப் படிவச் சரிபார்ப்பில் பூலியன் தருக்கம்

வலைப் படிவத்தில் பயனர் நிரப்பும் விவரங்கள் ஏற்கத்தக்கவைதானா என்று நிரல் வழியே சோதிப்பது உள்ளீட்டுச் சரிபார்ப்பு எனப்படும். இச்சோதனையில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் மெய், பொய் என்ற இரண்டில் ஒன்றே விடையாகும். இத்தகைய நிபந்தனைகளை இணைக்கும் விதிகளே பூலியன் தருக்கம். ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் (1815–1864), 1847, 1854 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் இதற்கு அடித்தளமிட்டார். இணைப்புக் குறி ஒன்று மாறினாலும் தகுதியுள்ளவரின் விண்ணப்பம் மறுக்கப்படலாம். தகாத விவரம் ஏற்கப்படலாம்.

அடிப்படைச் செயற்குறிகள்

ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி முதலிய மொழிகளில் இவை பயன்படுகின்றன:

• உம் (&&) – இரு நிபந்தனைகளும் மெய்யானால் மட்டுமே மெய்.
• அல்லது (||) – ஒன்றேனும் மெய்யானால் மெய்.
• அல்ல (!) – மெய்யைப் பொய்யாகவும் பொய்யை மெய்யாகவும் மாற்றும்.

அடிக்கடி நேரும் பிழை

ஒரு தேர்வுப் படிவத்தில் பயிற்று மொழியாகத் தமிழ் அல்லது ஆங்கிலம் மட்டுமே ஏற்கப்படும் எனக் கொள்வோம். "தமிழோ ஆங்கிலமோ இல்லையென்றால் தவறு" என்று பேச்சில் சொல்கிறோம். அதனால் 'ஓ' வரும் இடத்தில் 'அல்லது' குறியை இடத் தோன்றும்:

மொழி !== "தமிழ்" || மொழி !== "ஆங்கிலம்"

இதன்படி பிழைச் செய்தி எல்லாருக்கும் வரும். தமிழைத் தேர்ந்தவருக்கு இரண்டாம் பகுதி மெய். ஆங்கிலத்தைத் தேர்ந்தவருக்கு முதற்பகுதி மெய். ஆகவே முழு நிபந்தனையும் எப்போதும் மெய்யாகிறது. "தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று" என்று சொல்லிப் பார்த்தால் சரியான குறி தானே புலப்படும்:

மொழி !== "தமிழ்" && மொழி !== "ஆங்கிலம்"

டி மோர்கன் விதிகள்

நிபந்தனைத் தொகுதி ஒன்றை எதிர்மறையாக்கும்போது ஒவ்வொரு பகுதியும் எதிர்மறையாகும். 'உம்' என்பது 'அல்லது' ஆகும். 'அல்லது' என்பது 'உம்' ஆகும். இவ்விதிகள் மதுரையில் பிறந்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் அகஸ்டஸ் டி மோர்கன் (1806–1871) பெயரால் வழங்குகின்றன. இவற்றின்படி, ஏற்கும் வயது 18 முதல் 35 வரை என்றால்:

ஏற்க: வயது >= 18 && வயது <= 35
மறுக்க: வயது < 18 || வயது > 35

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வயதுக் கட்டத்தில் ஒருவர் "இருபது" என எழுத்தால் நிரப்பினால், ஜாவாஸ்கிரிப்டில் அது எண்ணாக மாறாது. அதனுடன் செய்யும் ஒப்பீடுகள் நான்குமே பொய்யாகும். மறுக்கும் நிபந்தனை மட்டும் இருந்தால் அவ்விவரம் தடையின்றி உள்ளே போய்விடும். எனவே ஏற்கும் நிபந்தனையை எழுதி, அதை முழுமையாக எதிர்மறையாக்குவதே பாதுகாப்பானது:

!(வயது >= 18 && வயது <= 35)

அடைப்புக்குறிகளின் தேவை

கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வதுபோல, 'அல்லது' என்பதற்கு முன் 'உம்' கணிக்கப்படும்.

மாற்றுத்திறனாளி || வயது <= 35 && பட்டதாரி

இதன்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பும் இல்லை, பட்டமும் தேவையில்லை. வயதில் மட்டும் தளர்வு தருவதே நோக்கமானால் அடைப்புக்குறி இன்றியமையாதது:

(மாற்றுத்திறனாளி || வயது <= 35) && பட்டதாரி

சோதிக்கும் முறை

எல்லையின் இருபுறமும் உள்ள மதிப்புகளை இட்டுப் பார்க்க வேண்டும். மேற்கண்ட வயது வரம்புக்கு 17, 18, 35, 36 ஆகிய எண்களோடு, வெற்றுக் கட்டம், எழுத்தால் நிரப்பிய வயது ஆகியவற்றையும் சோதிக்கலாம். ஏற்க வேண்டியவை மறுக்கப்படுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். மேலே கண்ட மொழிப் பிழை, தவறான விவரங்களை மட்டும் இட்டுச் சோதிப்பவர் கண்ணில் படாது. உலாவியில் நடக்கும் சரிபார்ப்பைப் பயனர் தவிர்த்துவிட முடியும் என்பதால், அதே நிபந்தனைகளை வழங்கியிலும் சோதிப்பது கட்டாயம்.