சக்கரம் சுற்றும், எண் நிற்கும்!

கண்டெய்னர் லாரியின் பின்னால் வருகிற டிரெய்லருக்கு டாஷ்போர்டு கிடையாது. ஸ்டியரிங் கிடையாது, எஞ்சின் கிடையாது, கியர்பாக்ஸும் கிடையாது. இன்றைக்கு ஒரு லாரி இழுத்துப் போகும், நாளைக்கு வேறொன்று. அப்படியிருக்க, அந்த டிரெய்லர் வாங்கிய நாளிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று யாரைக் கேட்பது?

சக்கரத்தைத்தான்! நியூசிலாந்தில் கனரக லாரிகளையும் டிரெய்லர்களையும் பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஏதாவது ஒரு சக்கரத்தின் நட்டநடுவில், ஹப்பின் மேல், உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டப் பெட்டி ஒன்று தெரியும். அதில் ஒரு கண்ணாடிச் சாளரம். சாளரத்துக்குள் எண்கள். அதன் பெயர் ஹபோடோமீட்டர். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, கேபிள் இல்லை. சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டு, மழையிலும் சேற்றிலும் தூரத்தை எண்ணிக்கொண்டே போகிறது. பழுதானால் ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டைக் கழற்றினால் போதும், கையோடு வந்துவிடும். வாகனங்களில் இவ்வளவு சுலபமாக மாற்றக்கூடிய தூரமானி வேறொன்று உண்டா என்று தேடிப் பார்த்தேன். இதை மிஞ்சியது எதுவும் கண்ணில் படவில்லை!

சரி, இதற்குள் என்னதான் இருக்கிறது? திறந்து பார்த்துவிடுவோம்.

முதல் புதிர் இது: பெட்டி சக்கரத்தோடு இறுக்கி மாட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சக்கரம் சுற்றினால் பெட்டியும் சுற்றும். எதையாவது எண்ண வேண்டுமென்றால் சுற்றுகிற ஒன்றும் வேண்டும், சுற்றாமல் நிற்கிற ஒன்றும் வேண்டும். சுற்றுவது இருக்கிறது. நிற்பதற்கு எங்கே போவது? லாரியின் உடம்போடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லையே!

விடை, பூமியின் ஈர்ப்பு. பெட்டியின் நடுவே ஒரு தண்டு, தண்டின் மேல் பேரிங், அந்தப் பேரிங்கில் ஒரு பக்கம் மட்டும் கனமான ஓர் உலோகக் கட்டி தொங்குகிறது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அடிப்பக்கத்துக் கனம் அதை நிமிர்த்திவிடுகிறதல்லவா, அதே சூத்திரம்தான். வெளிக்கூடு எத்தனை வேகமாகச் சுழன்றாலும் கட்டி கீழ்நோக்கியே தொங்கும். எண்கள் பதித்த சிறு உருளைகளும் இந்தக் கட்டியோடுதான் பூட்டப்பட்டிருக்கின்றன. அதனால் சக்கரம் எந்தக் கோணத்தில் நின்றாலும் எண்கள் தலைகீழாக நிற்பதில்லை, நேராகவே நிற்கின்றன. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரிச் சக்கரம் நிமிடத்துக்கு நானூறு சுற்றுக்கு மேல் சுழலும். அந்தச் சுழற்சிக்கு நட்டநடுவே ஒரு கட்டி அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது! இதை முதலில் யோசித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருக்கிறது.

கூட்டோடு சுழலும் தண்டுக்கும் தொங்கும் கட்டிக்கும் இடையில் உள்ள சுழற்சி வேறுபாடுதான் எண்ணப்படுகிறது. லாரி டயரின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. அது ஒரு கிலோமீட்டர் உருள ஏறத்தாழ 310 சுற்றுகள் வேண்டும். ஆக, 310 சுற்றுகளை ஒரே ஓர் எண்ணாகக் குறுக்க வேண்டும். அந்த வேலையைப் பல்சக்கரங்கள் பார்த்துக்கொள்கின்றன. சில மாடல்களில் தண்டின் மீது மையம் விலகிய ஒரு சின்ன வட்டை இருக்கும். அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொக்கியை ஒரு தரம் தள்ளும், கொக்கி ஒரு பல்லை நகர்த்தும். இந்த ஏற்பாட்டில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. வண்டி முன்னே போனாலும் பின்னே போனாலும் வட்டை கொக்கியைத் தள்ளத்தான் செய்யும், எண் ஏறத்தான் செய்யும். இடப்பக்கச் சக்கரத்தில் மாட்டினாலும் வலப்பக்கத்தில் மாட்டினாலும் அதே பெட்டி போதும். ரிவர்ஸில் ஓட்டி எண்ணைக் குறைக்கலாம் என்ற ஆசைக்கும் அங்கே இடமில்லை!

இப்போது எண் உருளைகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒன்றாம் இடத்து உருளை 9-லிருந்து 0-க்குத் திரும்பும் அந்தக் கணத்தில் மட்டும் பத்தாம் இடத்து உருளை ஓரடி எடுத்து வைக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் அது அசையவே கூடாது, லாரி எத்தனை குலுங்கினாலும் சரி. இரண்டு உருளைகளுக்கும் நடுவே எட்டுப் பற்கள் கொண்ட ஒரு குட்டி பினியன் உட்கார்ந்திருக்கும். அதன் பற்கள் ஒன்று விட்டு ஒன்று அகலமானவை. அகலமான பற்கள் ஒன்றாம் இடத்து உருளையின் வழுவழுப்பான விளிம்பில் உரசி நிற்கும்வரை பினியன் திரும்ப முடியாது. பத்தாம் இடத்து உருளைக்கும் பூட்டு விழுந்துவிடுகிறது. விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் ஒரு பள்ளமும் இரண்டு பற்களும் உண்டு. அவை வரும்போது பூட்டு திறக்கும். பினியன் இரண்டு பல் நகரும். அடுத்த உருளையில் இருபது பற்கள், இரண்டு பல் நகர்ந்தால் பத்தில் ஒரு பங்கு. ஓர் எண் ஏறியாயிற்று! பூட்டும் சாவியும் ஒரே துண்டு பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ முடிந்துவிடுகிறது.

இந்த உருளைகளுக்கு மிகச் சிரமமான நொடி எது தெரியுமா? 99,999-லிருந்து 1,00,000-க்குத் தாவும் நொடி. அப்போது எல்லா உருளைகளும் ஒரே நேரத்தில் நகர வேண்டும், உராய்வு உச்சத்துக்குப் போகும். தொங்கும் கட்டி போதுமான கனமாக இல்லாவிட்டால், உருளைகள் நகர்வதற்குப் பதிலாகக் கட்டியே தூக்கப்பட்டுக் கூட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும், எண்ணிக்கை அப்படியே நின்றுவிடும். கட்டியின் கனத்தை முடிவு செய்கிறவர் சாதாரண ஓட்டத்தை நினைத்தால் போதாது, லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை வரும் அந்த ஒரு தாவலை நினைத்தாக வேண்டும்.

சக்கரத்தின் சுற்றை எண்ணித் தூரம் காணும் ஆசை மிகப் பழையது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் நூலின் பத்தாம் பாகத்தில் இதை விவரிக்கிறார்: நான்கடி விட்டமுள்ள வண்டிச் சக்கரம், நானூறு பற்கள் கொண்ட சக்கரம், மைலுக்கு ஒரு கூழாங்கல் டப்பென்று பாத்திரத்தில் விழும் ஏற்பாடு. பயணம் முடிந்ததும் கற்களை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்!

1847-இல் அமெரிக்காவின் மேற்கு நோக்கி மாட்டு வண்டிகளில் புறப்பட்ட மார்மன் சமயத்தினரின் கூட்டத்தில் வில்லியம் கிளேட்டன் என்பவர் இருந்தார். அன்றாடம் எவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னதை அவரால் பொறுக்க முடியவில்லை. சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். வண்டியோடு நடந்தபடி, துணி வருகிற ஒவ்வொரு முறையும் எண்ணினார். மே மாதத்தில் ஒரு நாள் முழுக்க எண்ணியதில் 4,070 சுற்றுகள்! அந்தச் சக்கரத்தின் சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 சுற்றானால் மிகச் சரியாக ஒரு மைல். ஒரு மனிதன் இப்படி நாளெல்லாம் எண்ண முடியுமா? கூட்டத்திலிருந்த ஆர்சன் பிராட் கருவியை வடிவமைத்தார், தச்சர் ஆப்பிள்டன் ஹார்மன் மரத்திலேயே பல்சக்கரங்களைச் செதுக்கினார். ஆறு சுற்றுக்கு ஒரு பல், அறுபது பல்லுக்கு ஒரு மைல். போகிற வழியில், கையில் கிடைத்த மரத்தில் செய்தது!

அதைச் சட்டைப் பையில் போடும் அளவுக்குச் சுருக்கியவர் கர்டிஸ் வீடர். 1895-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அவர் தொடங்கிய நிறுவனம் சைக்கிளுக்கான சைக்ளோமீட்டரை விற்றது. எடை ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம்தான். முன்சக்கரத்தின் கம்பியில் ஒரு முளை, ஃபோர்க்கில் அந்தக் குட்டிக் கருவி. ஒவ்வொரு சுற்றுக்கும் முளை வந்து ஒரு நட்சத்திரச் சக்கரத்தைத் தட்டிவிட்டுப் போகும். 28 அங்குலச் சக்கரம் என்றால் 720 தட்டுக்கு ஒரு மைல். வேண்டாமென்றால் கழற்றி அடுத்த சைக்கிளில் மாட்டிக்கொள்ளலாம். 1928-இல் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து வீடர்-ரூட் ஆனது.

இத்தனை எளிய கருவி இருக்க, கார்களும் பைக்குகளும் ஏன் வேறு வழியில் போயின? ஓட்டுகிறவர் கண்ணெதிரே எண் தெரிய வேண்டும் என்பதற்காக. அதற்குச் சக்கரத்திலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ டாஷ்போர்டு வரை கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கார்களில் அந்தக் கேபிள் மைலுக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை முறுக்கிச் சுழலும். நம் ஊர் பைக்குகளில் முன்சக்கர ஹப்பிலிருந்து கிளம்பி மீட்டர் வரை போகும் கறுப்புக் கேபிளும் இதுவே. கேபிள் அறுந்த அன்று வேகமுள் படுத்துவிடும், கிலோமீட்டரும் நின்றுவிடும். எத்தனை வண்டிகள் மாதக்கணக்கில் அப்படியே ஓடுகின்றன! வண்டி ஓடுகிறது, தூரம் ஓடவில்லை. இன்றைய கார்களில் கேபிளே இல்லை, எண் ஒரு சின்ன நினைவகச் சிப்புக்குள் இருக்கிறது. மீட்டர் போர்டைக் கழற்றினால் பல வண்டிகளில் அந்த எண்ணும் அதோடு போய்விடுகிறது.

இங்கேதான் வடிவமைப்பாளரின் உண்மையான தலைவலி தொடங்குகிறது. மாற்றச் சுலபமாக இருக்க வேண்டும், சரி. ஆனால் சுலபமாகக் கழற்றக்கூடிய கருவியைச் சுலபமாக ஏமாற்றவும் முடியுமே! ஹபோடோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதிலுள்ள எண் வெறும் தகவல் அல்ல, பணம். நியூசிலாந்தில் 1978 முதல் 3.5 டன்னைத் தாண்டிய வாகனங்கள் ஓடிய தூரத்துக்கு ஏற்பச் சாலைக் கட்டணம் செலுத்துகின்றன. அதற்கான உரிமத்தை ஆயிரம் கிலோமீட்டர் ஆயிரம் கிலோமீட்டராக முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் கார்களும் தூரக் கட்டணத்துக்குள் வந்துவிட்டன, அவற்றுக்கு டாஷ்போர்டு எண்ணே கணக்கு.

கழற்ற முடியாதபடி பூட்டிவிடலாம்தான். ஆனால் பழுதாகும் நாளில் வண்டியே முடங்கும். ஆகவே நல்ல தீர்வு கருவிக்குள் இல்லை, கருவிக்கு ஓர் அடையாளம் கொடுப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஹபோடோமீட்டருக்கும் வரிசை எண் உண்டு, அந்த எண் வாகனத்தின் கட்டண உரிமத்தோடு சேர்த்துப் பதிவாகிறது. மாற்றினால் பழையதன் கடைசி எண்ணையும் புதியதன் முதல் எண்ணையும் தெரிவிக்க வேண்டும். கருவி போகலாம், வரலாம், கணக்கு அறுபடாது. எனக்கு இதுதான் அந்தப் பெட்டியின் ஆகச் சிறந்த பாகமாகப் படுகிறது, உள்ளே இருக்கும் எந்தப் பல்சக்கரத்தையும் விட!

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. லோடு இல்லாதபோது தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும் அச்சு சில டிரெய்லர்களில் இருக்கும், அங்கே மாட்டினால் பாதித் தூரம் கணக்கில் வராது. டயர் அளவுக்கு ஏற்ற மாடலாகவும் இருக்க வேண்டும். புது டயரின் விளிம்புப் பட்டை 15 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு ஏறத்தாழ 3 சதவீதம் குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், எண்ணும் அந்த அளவு கூடக் காட்டும். சக்கரத்தை எண்ணும் எந்தக் கருவிக்கும் இது உண்டு, கார் மீட்டருக்கும்தான்.

அமெரிக்கச் சட்டம் இதே சிக்கலைக் காருக்கு ஓர் எளிய ஸ்டிக்கரால் தீர்க்கிறது. ஓடோமீட்டரை மாற்றும்போது பழைய எண்ணையே புதியதில் கொண்டுவர முடியாவிட்டால், புதியதைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். மாற்றும் முன் இருந்த எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்!

இதை நாமும் நாளைக்கே செய்யலாம், எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பைக்கிலோ காரிலோ மீட்டர் மாற்றும் நாள் வந்தால், கழற்றும் முன் பழைய எண்ணை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் பழைய எண்ணையும் தேதியையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், அந்த பில்லை ஆர்.சி.யோடு வையுங்கள். வண்டியை விற்கும்போது இரண்டு எண்களையும் கூட்டி, வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.