கை கியரா, தரை கியரா?

நம் வியாபாரிகள் சிலரிடம் இன்னும் பழைய அம்பாசிடர் உண்டு. 2014-இல் உற்பத்தி நின்றும் வண்டி ஓடுகிறது. தொல்லை தருவது ஸ்டீயரிங் அருகே உள்ள கை கியர்தான்.

ஒருநாள் செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு எடுத்து ராசிபுரம் திரும்புகையில் எங்கள் வண்டி கியர் சிக்கி நின்றது. பானெட்டைத் திறந்து, கம்பியைக் கையால் தள்ளி விடுவித்தோம். கம்பி மூட்டுகளில் உள்ள புஷ் தேய்வதே இதற்குக் காரணம். முதலில் புஷ்ஷை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. எங்களுக்கு அது ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

பிறகு நாமக்கல் பட்டறை ஒன்றில் தரை கியர் போட்டோம். 1990-களில் இசுசு எஞ்சினுடன் வந்த அம்பாசிடருக்குக் கம்பெனியே தரை கியர்தான் வைத்தது. பழைய வண்டியில் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். கியர் தண்டின் பிராக்கெட்டைக் கியர் பாக்ஸிலேயே பொருத்தச் சொல்லுங்கள். பாடியில் பொருத்தினால், எஞ்சின் ஆடும்போது கியர் கழன்றுவிடும். தரையில் வெட்டும் ஓட்டைக்கு ரப்பர் உறை அவசியம். இல்லையேல் சூடும் புழுதியும் உள்ளே வரும், மளிகைக்கு ஆகாது.

இப்போது கியர் சுகமாக விழுகிறது. ஆனால் முன் சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. எங்கள் கணக்குப்பிள்ளை பின்னால், வெல்ல மூட்டைகளோடு வருகிறார்.