வேட்பாளரும் கொள்கைத் தூய்மையும்: ஈரோட்டின் முரண்பட்ட விடைகள்

தேர்தலில் ஒரு கட்சியின் சின்னத்தைப் பெற விரும்புபவர் அக்கட்சியின் கொள்கைகள் அனைத்தையும் மனமார ஏற்றவராக இருக்க வேண்டுமா, அல்லது தொகுதியில் செல்வாக்கும் வெற்றி வாய்ப்பும் இருந்தாலே போதுமா என்ற கேள்விக்கு ஈரோடு அளவுக்கு ஒன்றுக்கொன்று முரண்பட்ட விடைகளை அளித்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. கொள்கைக்காகத் தேர்தலையே துறந்த ஓர் இயக்கத்தின் தலைவர் பிறந்த ஊரும், ஒரு கட்சியில் அமைச்சராக இருந்தவர் மறு கட்சியிலும் அமைச்சராவதை இயல்பாக ஏற்றுக்கொண்ட ஊரும் இதுவே. கொள்கைத் தூய்மை என்ற சொல் இக்கட்டுரையில், கட்சியின் அடிப்படை நிலைப்பாடுகளில் எதிலும் விலகாதிருத்தல் என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது. நேர்மை, ஊழலின்மை போன்ற தனிமனித ஒழுக்கங்கள் இதனோடு தொடர்புடையவை எனினும் இதிலிருந்து வேறானவை.

ஈரோட்டில் 1879இல் பிறந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி, தம் நகரமன்றத் தலைவர் பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் 1925ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டில் ஏற்கப்படாததால் அக்கட்சியையும் விட்டு வெளியேறியவர். பின்னர் அவர் தலைமையேற்ற நீதிக்கட்சி 1944இல் சேலத்தில் கூடித் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியபோது, அண்ணாதுரையின் பெயரால் அறியப்படும் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. ஆங்கில அரசு அளித்த ராவ்பகதூர் முதலான பட்டங்களையும் நியமனப் பதவிகளையும் உறுப்பினர்கள் கைவிட வேண்டும், பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்று அது கோரியது. பட்டமும் பதவியும் பெற்ற செல்வந்தர்கள் நிறைந்த ஒரு கட்சியில் இது வடிகட்டியைப் போலவே வேலை செய்தது. ஏற்காதவர்கள் விலகி, பி.டி.ராஜன் போன்றோரின் தலைமையில் நீதிக்கட்சி என்ற பழைய பெயரைத் தொடர்ந்து காப்பாற்ற முயன்றனர். திராவிடர் கழகம் தேர்தலில் நிற்பதில்லை என்ற முடிவும் இதே தர்க்கத்தின் தொடர்ச்சிதான். ஏனெனில் வாக்குக் கேட்கச் செல்பவர் வாக்காளரின் நம்பிக்கைகளுக்கு ஏற்பத் தம் பேச்சை வளைக்க நேரும், கடவுள் மறுப்பையும் சாதி ஒழிப்பையும் முன்வைக்கும் இயக்கத்தால் அதைத் தாங்க இயலாது. அதே பெரியார் 1952இல் காங்கிரசைத் தோற்கடிக்கக் கம்யூனிஸ்டுகளை ஆதரித்ததும், 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் காங்கிரஸ் முதலமைச்சர் காமராசரை ஆதரித்ததும் கவனிக்கத்தக்கன. தம் இயக்கத்தினரிடம் அவர் எதிர்பார்த்த தூய்மையை, தாம் ஆதரித்த வேட்பாளர்களிடம் அவர் எதிர்பார்க்கவில்லை.

1949இல் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்து உருவான திராவிட முன்னேற்றக் கழகம் இதற்கு நேர்மாறான ஒரு சோதனையைச் செய்தது. தமிழக அரசியல் வரலாற்றில் கொள்கை உறுதிமொழி என்ற முறை வெளிப்படையாகச் சோதிக்கப்பட்ட தருணம் அதுவே எனலாம். 1952ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்தலில் அக்கட்சி தன் வேட்பாளர்களை நிறுத்தாமல், சட்டமன்றத்தில் திராவிட நாட்டுக் கோரிக்கைக்கும் கட்சியின் நிலைப்பாடுகளுக்கும் துணை நிற்பதாக எழுத்தில் உறுதியளிப்பவர்களை ஆதரிப்பதாக அறிவித்தது. வடமாவட்டங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சி ஆகியவற்றின் வேட்பாளர்கள் அந்த ஆதரவைப் பெற்றனர். தேர்தல் முடிவில் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரசுக்கு ஆட்சி அமைக்கத் துணை தேவைப்பட்டது; காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேல் நாயகர் ராஜாஜியின் அமைச்சரவையிலும், உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமி படையாட்சியார் 1954இல் காமராசரின் அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். வேட்பாளரின் கையெழுத்து, அமைச்சர் பதவி எதிர்வந்தபோது ஒரு பொழுதும் தாங்கவில்லை. உறுதிமொழியை மீறினால் அவர்கள் இழப்பதற்கு எதுவும் இல்லை என்பதே இதன் எளிய காரணம்: அவர்களை நிறுத்தியது தி.மு.க. அல்ல, அவர்களின் வாக்காளர்கள் திராவிட நாட்டுக்காக அவர்களைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

தி.மு.க. 1957இல் தானே களத்தில் இறங்கி 15 சட்டமன்ற இடங்களை வென்றது. ஆறே ஆண்டுகளில், வேட்பாளரிடம் உறுதிமொழி கேட்கும் உரிமையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1963ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம், நாடாளுமன்றத்திற்கோ சட்டமன்றத்திற்கோ போட்டியிடுபவர் ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதியேற்க வேண்டும் என்று விதித்தது. தி.மு.க.வும் அவ்வாண்டே திராவிட நாட்டுப் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. உயிர்நாடி என்று கருதப்பட்ட கொள்கையை விட்டுக்கொடுத்த கட்சி அழியவில்லை. சுதந்திராக் கட்சி, முஸ்லிம் லீக், மார்க்சிஸ்டுகள் எனக் கொள்கையில் ஒன்றுக்கொன்று பொருந்தாத துணைகளோடு 1967இல் ஆட்சியைப் பிடித்தபின், புரோகிதரின்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஈரோட்டுத் தலைவர் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஒன்றை, அவருடைய தூய்மை விதியை ஏற்காமல் பிரிந்து சென்றவர்களே நிறைவேற்றித் தந்தார்கள் என்பதைத் தூய்மைவாதிகள் எளிதில் கடந்துவிட முடியாது.

இனிச் சட்டம் என்ன கேட்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவுபெற விரும்பும் கட்சி, அரசியலமைப்புக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய நெறிகளுக்கும் கட்டுப்பட்டதாகத் தன் விதிகளில் எழுத வேண்டும்; வேட்பாளரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை அது கேட்பதில்லை. 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை, கட்சித் தலைமை கையெழுத்திட்டு அளிக்கும் ‘பி’ படிவம் இருப்பவருக்கே சின்னம் என்றும், அவர் அக்கட்சியின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வெற்றி பெற்ற பின்னரோ, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, அவையில் கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரும். கொறடாவின் கட்டளை கட்சியின் கொள்கைக்கே எதிரானதாக இருந்தாலும் உறுப்பினர் அதற்குப் பணிய வேண்டும் என்பதால், இன்றைய ஏற்பாடு காப்பது கொள்கைப் பற்றை விடத் தலைமைக்குக் கீழ்ப்படிதலையே என்று சொல்வது மிகையாகாது.

இந்த ஏற்பாட்டின் விளைவைக் கொங்கு மண்டலத்தில் தெளிவாகக் காணலாம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் அமைச்சராக இருந்த சு.முத்துசாமி 2010இல் தி.மு.க.வில் சேர்ந்து, 2021இல் ஈரோடு மேற்கில் வென்று மீண்டும் அமைச்சரானார். மொடக்குறிச்சியின் சுப்புலட்சுமி ஜெகதீசன் அ.தி.மு.க.வில் தொடங்கி, தி.மு.க.வில் நீண்டகாலம் முன்னணியில் இருந்து, 2022இல் அதிலிருந்தும் விலகினார். அ.தி.மு.க.வின் தொடக்க காலத்திலிருந்தே கோபிசெட்டிபாளையத்தின் அடையாளமாக விளங்கிய கே.ஏ.செங்கோட்டையன் 2025இல் அக்கட்சியிலிருந்து நீக்கப்பட்டுத் தமிழக வெற்றிக் கழகத்தில் இணைந்தார். இவர்களில் எவரையும் கொள்கையற்றவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமன்று. இரு திராவிடக் கட்சிகளின் நலத்திட்டங்களும் இட ஒதுக்கீட்டு நிலைப்பாடும் மொழிக் கொள்கையும் பெரிதும் ஒன்றாகிவிட்ட நிலையில், அவற்றுக்கிடையே இடம் மாறுபவர் கொள்கையை மாற்ற வேண்டிய தேவையே எழுவதில்லை. விலகல்கள் பெரும்பாலும் தலைமையோடு ஏற்படும் உரசலில் பிறக்கின்றன.

2025 பிப்ரவரியில் நடைபெற்ற ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் இதை வேறொரு கோணத்தில் காட்டியது. பெரியாரைப் பற்றி நாம் தமிழர் கட்சியின் சீமான் கூறிய கருத்துகளால் அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே சர்ச்சை எழுந்திருந்ததால், பெரியாரின் சொந்த ஊரில் பெரியாரே விவாதப் பொருளானார். பெரியாரைக் காக்கும் பொறுப்பேற்ற தி.மு.க.வின் வேட்பாளர் வி.சி.சந்திரகுமாரோ 2011இல் அதே தொகுதியில் தே.மு.தி.க. சார்பில் வென்றவர். அ.தி.மு.க. புறக்கணித்த அத்தேர்தலில் அவர் 90,000 வாக்குகளுக்கும் மேலான வேறுபாட்டில் வென்றார்; நாம் தமிழர் வேட்பாளர் கட்டுத்தொகையை இழந்தார். வாக்காளர்கள் வேட்பாளரின் பழைய கட்சிக் கரையைப் பொருட்படுத்தவில்லை. கூட்டணியே வேண்டாம், எல்லாத் தொகுதிகளிலும் தனித்தே போட்டி என்ற நாம் தமிழர் கட்சியின் நிலைப்பாடும் ஒருவகைத் தூய்மையே. அதனால் 2024இல் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகளைப் பெற்று அங்கீகாரம் பெற முடிந்தது, ஓர் இடத்தைக்கூட வெல்ல முடியவில்லை.

கடன்பெற்ற சின்னங்களின் கதை இன்னும் சுவையானது. 2019இல் ஈரோடு மக்களவைத் தொகுதியில் ம.தி.மு.க.வின் அ.கணேசமூர்த்தி உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். குடும்ப அரசியலை எதிர்த்துத் தி.மு.க.விலிருந்து பிரிந்த கட்சியின் மூத்த தலைவர் சட்டத்தின் கண்ணில் தி.மு.க. உறுப்பினரானார். கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் இவ்வழியையே பின்பற்றி வருகிறது. அக்கட்சி 2024இல் நாமக்கல் தொகுதிக்கு முதலில் அறிவித்த வேட்பாளர், சாதி மறுப்புத் திருமணங்களுக்கு எதிராக மிரட்டும் தொனியில் பேசிய பழைய காணொளி பரவியதால் மாற்றப்பட்டு, அவருக்குப் பதிலாக நின்ற வி.எஸ்.மாதேஸ்வரன் வென்றார். சாதி ஒழிப்பை முழங்கும் கூட்டணித் தலைமையின் சின்னத்தில் அத்தகைய வேட்பாளர் நிற்பது வாக்காளரை ஏமாற்றுவதாகவே இருந்திருக்கும். எல்லாவற்றிலும் உடன்பாடு தேவையில்லை. ஆனால் கட்சி எதற்காகப் பிறந்ததோ அதையே மறுப்பவருக்குச் சின்னம் அளிக்கக் கூடாது என்ற எல்லைக்கோட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் கிடைப்பது அரிது. அந்தக் கோட்டைக் கட்சி தானாக வரையவில்லை, காணொளி பரவிய பின்னரே வரைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முழு உடன்பாட்டை முறையாகக் கோருபவை கம்யூனிஸ்ட் கட்சிகள் மட்டுமே. பரீட்சார்த்த உறுப்பினராகச் சில காலம் இருந்த பின்னரே முழு உறுப்பினராக முடியும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தம் ஊதியத்திலிருந்து கட்சிக்கு லெவி செலுத்துகின்றனர். இக்கட்டுப்பாட்டால் அவர்களிடையே கட்சித் தாவல் அரிதாகவே இருந்துவருகிறது. எனினும் 2008இல் மக்களவைத் தலைவர் பதவியிலிருந்து விலக மறுத்த சோம்நாத் சட்டர்ஜியை மார்க்சிஸ்ட் கட்சி நீக்கியபோது, அவைத் தலைவரின் நடுநிலை என்ற பொதுநெறிக்கும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கும் இடையில் எது பெரிது என்ற கேள்வி விடையின்றியே நின்றது.

வெளிநாட்டு அனுபவமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. அமெரிக்கக் குடியரசுக் கட்சியில் 2009ஆம் ஆண்டின் இறுதியில் பத்துக் கொள்கைகள் கொண்ட பட்டியல் ஒன்று முன்மொழியப்பட்டது. அவற்றுள் மூன்றிலோ அதற்கு மேலோ மாறுபடும் வேட்பாளருக்குக் கட்சியின் நிதியும் ஆதரவும் இல்லை என்பதே அதன் சாரம். பல மாநிலத் தலைவர்களின் எதிர்ப்பால், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கட்டாயமற்ற மென்மையான தீர்மானமாக அது சுருங்கியது. பிரிட்டனில் 2019இல் ஐரோப்பிய ஒன்றிய வெளியேற்றம் தொடர்பாக அரசுக்கு எதிராக வாக்களித்த 21 பேரைக் கன்சர்வேட்டிவ் கட்சி தன் நாடாளுமன்ற அணியிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டவர்களுள் முன்னாள் நிதியமைச்சர்களும் இருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அக்கட்சி பெரும் வெற்றி பெற்றாலும், கட்சிக்குள் மாற்றுக் கருத்தின் குரல் மெலிந்துபோனது.

ஆகவே வாதத்திற்குரியது கொள்கை வேண்டுமா என்பதன்று. யார் சோதிப்பது, எப்போது, யார் முன்னிலையில் என்பதே. இன்று தமிழகக் கட்சிகளில் விருப்ப மனுவுக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் தலைமையகத்தில் சில நிமிட நேர்காணலுக்கு அழைக்கப்படுகின்றனர். அங்கே செலவு செய்யும் திறன், சாதிக் கணக்கு, உள்ளூர்ச் செல்வாக்கு ஆகியவை எடைபோடப்படுவதை யாரும் மறைப்பதில்லை. குற்ற வழக்குகள் உள்ளவர்களை நிறுத்தினால் அதற்கான காரணத்தை வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டும் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே வழியில், தன் அடிப்படைக் கொள்கைகள் என்று கட்சி கருதும் இரண்டு மூன்றையாவது வேட்பாளர் தம் வாக்காளர் முன்னிலையில் ஏற்பதும், அவரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தைக் கட்சி தொகுதி உறுப்பினர்களுக்குச் சொல்வதும் கடினமான காரியங்கள் அல்ல. மற்ற அனைத்திலும் வேட்பாளர் மாறுபடலாம். மாறுபடுபவர்களே கட்சியைக் காலத்திற்கேற்பத் திருத்துகிறார்கள்.

கட்சிகளின் தேர்வில் தங்கள் குறைகளுக்கு இடமில்லை என்று கருதிய விவசாயிகள் 1996இல் ஈரோட்டுக்கு அருகிலுள்ள மொடக்குறிச்சியில் திரளாக மனுத்தாக்கல் செய்ய, ஒரே சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றனர். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டுக் கட்டுத்தொகை உயர்த்தப்பட்டது, சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிவோர் தேவை என்றும் ஆனது. கட்சிகள் தங்கள் வேட்பாளரை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பற்றி அந்தத் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.