எந்தப் பூங்காவுக்குப் போவது?



மனிதன் அச்சத்தை வெறுப்பவன். ஆயினும் காசு கொடுத்து அச்சத்தை வாங்குபவனும் அவனே. நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினத்தைச் சூழ்ந்து நிற்கும் கூட்டமே இதற்குச் சான்று. உச்சிக்குப் போகும்போது கண்களை இறுக மூடிக்கொள்கிறோம். இறங்கியதும் மறுமுறை ஏறுவதற்குச் சட்டைப்பையில் காசு தேடுகிறோம். இந்த இயல்பை அடிப்படையாகக் கொண்டு மேல்நாட்டார் பெருந்தொழில் ஒன்றையே வளர்த்துவிட்டனர். அத்தொழிலின் முடிமணியாக விளங்குவது ரோலர் கோஸ்டர். செயற்கை மலைகளின்மேல் தண்டவாளம் அமைத்து, அதில் ஏறியும் இறங்கியும் வளைந்தும் ஓடும்படி விடப்பட்ட சிறு ரயில் அது.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் என் மகள் குடும்பத்தோடு வாழ்கிறாள். ஓய்வு பெற்ற பின் இரு கோடைகளை அங்கே கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கோடை விடுமுறையில் காரில் புறப்பட்டு இத்தகைய பூங்கா ஒன்றுக்குப் போய்வருவது அந்நாட்டுக் குடும்பங்களின் வழக்கம். எந்தப் பூங்காவுக்குப் போவது என்னும் கேள்வி மிக எளியதாகத் தோன்றும். அதற்கு விடை காண்பதில் நான் ஒருமுறை தவறினேன். அத்தவறு எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த வண்டி எவ்வாறு ஓடுகிறது என்பதைக் காண்போம். பழைய முறையில் அமைந்த கோஸ்டர் வண்டியில் எஞ்சின் இல்லை. சங்கிலி ஒன்று அதை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் செல்கிறது, அங்கே கைவிட்டுவிடுகிறது. அதன்பின் வண்டியை ஓட்டுவது புவியீர்ப்பே. உயரத்தால் சேர்ந்த ஆற்றல் இறங்கும்போது வேகமாக மாறுகிறது. அடுத்த மேட்டில் ஏறும்போது அவ்வேகம் மீண்டும் உயரமாகிறது. உராய்வும் காற்றும் வழியெல்லாம் வரி வாங்கிக்கொண்டே இருப்பதால், முதல் மேட்டின் உயரத்தை வண்டி மறுபடி எட்ட இயலாது. இடையில் இரண்டாம் முறை சங்கிலியால் இழுத்து ஏற்றுவதும், காந்த விசையால் உந்தி விடுவதும் சில இடங்களில் உண்டு.

இயற்பியல் பயிலும் மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏரி என்னும் பேரேரிக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனையில் சீடர் பாயின்ட் என்னும் பூங்கா இருக்கிறது. அங்கே 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மில்லேனியம் ஃபோர்ஸ் என்னும் கோஸ்டர் 310 அடி உயரமுடையது. அதன் முதல் இறக்கம் 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். நாம் வகுப்பில் கற்ற சூத்திரப்படி, அடிவாரத்தில் வேகம் மணிக்கு 152 கிலோமீட்டர் எனக் கிடைக்கும். அவர்கள் குறிப்பிடும் வேகம் 93 மைல், அதாவது 150 கிலோமீட்டர். பாடப்புத்தகத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள்! இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. உயரத்தை இரு மடங்காக்கினால் வேகம் இரு மடங்காவதில்லை. ஒன்றரை மடங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே, உயரம் மிகுந்தால் இன்பமும் அதே அளவில் மிகும் என்று கருதுவது கணக்கு அறியாதவர் கருத்தாகும்.

கணக்காசிரியனாக இருந்த நானே அக்கருத்தில் வீழ்ந்தேன் என்பதுதான் வெட்கம். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் பேரனுக்குப் பன்னிரண்டு வயது, பேத்திக்கு ஏழு. பூங்காவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். விளம்பரங்களைப் புரட்டி, மிக உயரமான கோஸ்டர்கள் எங்கே உள்ளன என்று மட்டும் பார்த்து ஒன்றைச் சொன்னேன். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. பூங்காவின்மீது குற்றம் எதுவும் இல்லை.

பெரிய கோஸ்டர்கள் பலவற்றில் ஏற 48 அங்குல உயரம், அதாவது நான்கு அடி, இருத்தல் வேண்டும். இது வீண் கட்டுப்பாடு அன்று. உடலை இருக்கையோடு பிணைக்கும் கம்பி இடுப்பிலும் தொடையிலும் சரியாகப் பொருந்தினால்தான், வண்டி மேட்டைக் கடக்கும்போது உடல் மேலெழாமல் நிற்கும். என் பேத்தியின் உயரம் 46 அங்குலம். நுழைவாயிலில் இருந்த அளவுகோலின் அருகே அவள் சென்று நின்றாள்; குதிகாலைச் சற்று உயர்த்தினாள். பணியாளர் புன்னகையோடு, ஆனால் உறுதியாக, தலையசைத்தார். அண்ணன் உள்ளே சென்றான். அவள் அழவில்லை. என் விரலைப் பற்றிக்கொண்டு, “தாத்தா, உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள். பல்லாண்டு தலைமையாசிரியனாக இருந்து, எத்தனையோ பேரைக் கேள்வி கேட்ட எனக்கு அக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அன்று பகல் முழுதும் நாங்கள் இருவரும் வேலிக்கு வெளியே நின்று, மேலே அலறிச் செல்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுகோடையில் ஒரு தாளை எடுத்துக் கட்டங்கள் வரைந்தேன். உயரத்தை எழுதுவதற்கு முன் வேறு சிலவற்றை எழுதினேன். முதற்கட்டம், உடன் வருவோர் யார் என்பது. பேத்தி வளர்ந்திருந்தாள், எனினும் நாற்பத்தெட்டுக்கு அரை அங்குலம் குறைந்தாள். எனக்கோ வயது அறுபதைத் தாண்டியது. இதயநோய், முதுகுவலி, கழுத்துவலி உள்ளோர் ஏறலாகாது என்று எச்சரிக்கைப் பலகைகள் கூறுகின்றன. ஆகவே முன்னதாகவே மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் கட்டம், தொலைவு. கொலம்பஸிலிருந்து வடக்கே சீடர் பாயின்ட் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். தென்மேற்கே சின்சினாட்டி நகருக்கு அருகிலுள்ள கிங்ஸ் ஐலண்டு ஒன்றரை மணி நேரம். கிழக்கே பிட்ஸ்பர்க் நகரை அடுத்த கென்னிவுட் மூன்று மணி நேரம். இந்தியானா மாநிலத்தில் சாண்டா கிளாஸ் என்னும் வேடிக்கையான பெயருடைய ஊரில், 1946-இல் தோன்றிய ஹாலிடே வேர்ல்டு நான்கு மணி நேரத்துக்கும் மேல். குளிர்பானமும் வண்டி நிறுத்துமிடமும் அங்கே இலவசம் என்பதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் அவ்வளவு தூரம் போனால் ஓரிரவு விடுதியில் தங்கவேண்டும். அச்செலவையும் சேர்த்தே எடை போடுதல் முறை.

பூங்காவுக்கும் தொலைவுக்கும் உள்ள உறவு பழமையானது. அக்காலத்தில் டிராம் வண்டிகள் வார நாட்களில் நிரம்பி வழிந்தன. விடுமுறை நாளில் காலியாக ஓடின. ஆதலின் டிராம் கம்பெனிகள் தம் தடத்தின் கோடியில் பூங்காக்களை அமைத்து மக்களை வரவழைத்தன. 1898-இல் தோன்றிய கென்னிவுட் அத்தகையதே. அன்று டிராம் சென்ற தூரமே எல்லை; இன்று காரும் நம் களைப்புமே எல்லை.

மூன்றாம் கட்டம், காலம். குளிர் மிகுந்த அந்த மாநிலத்தில் இப்பூங்காக்கள் குளிர்காலம் முழுதும் இயங்குவதில்லை. கோடையிலும் சனிக்கிழமைக் கூட்டம் ஒரு வகை, செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வேறு வகை. ஓர் ஓட்டம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காக வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க நேரலாம். அவ்வாறு ஒரு நாளில் எட்டு முறை ஏறினாலும், வண்டியில் இருந்த நேரம் அரைமணிகூட ஆகாது. எஞ்சிய பொழுதெல்லாம் நிழலிலும் வெயிலிலும் உணவுச்சாலையிலும் ஒருவரோடு ஒருவர் கழிப்பதே. மின்னலோ பெருங்காற்றோ வந்தால் உயரமான கோஸ்டர்களை நிறுத்திவிடுவர். வானிலை அறிக்கையையும் பார்க்கவேண்டும் அன்றோ?

இவ்வளவும் எழுதிய பின்னரே நான்காம் கட்டத்தில் கோஸ்டர்களின் பெயரை எழுதினேன். சீடர் பாயின்டில் உயரமும் வேகமும் மிகுதி. 1972-இல் திறக்கப்பட்ட கிங்ஸ் ஐலண்டிலோ, 1979-இல் அமைந்த பீஸ்ட் என்னும் மரக் கோஸ்டர் இருக்கிறது. அதன் வேகம் மணிக்கு 65 மைல் அளவே. ஆனால் நீளம் 7,300 அடிக்கு மேல். உலகின் மரக் கோஸ்டர்களுள் மிக நீண்டது அதுவே. இருமுறை சங்கிலியால் ஏற்றப்பட்டு, மரங்களடர்ந்த காட்டினூடே நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதே பூங்காவில், நான்கடி எட்டாத சிறுவரும் பெரியவர் துணையோடு ஏறத்தக்க சிறிய மரக் கோஸ்டர் ஒன்றும் பூங்கா தோன்றிய நாள் முதல் உள்ளது.

தாளைப் பேரனிடம் கொடுத்தேன். சீடர் பாயின்டின் பெயரை அவன் நெடுநேரம் பார்த்தான். பின்னர், “அது அடுத்த வருஷம் இருக்கட்டும், தாத்தா. இவளும் ஏறுகிற இடத்துக்கே போவோம்” என்றான். கட்டங்களை வரைந்தது நான். விடை எழுதியது அவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிங்ஸ் ஐலண்டுக்குச் சென்றோம். பேரன் தன் தந்தையோடு பீஸ்டில் இருமுறை ஓடித் திரும்பினான். சிறிய கோஸ்டரில் பேத்திக்குத் துணை நான். மரச்சட்டங்கள் கடகடவென்று ஒலிக்க வண்டி மேலேறியபோது, அவள் இரு கைகளையும் உயர்த்தினாள். நான் கம்பியை விடவில்லை. இறங்கியதும், “இன்னொரு தடவை!” என்றாள். ஏறினோம்.

மாணவர்களே, தேர்வு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, பள்ளியில் எழுதுவது. மற்றொன்று, பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. முதற்பொருளில் எத்தனையோ தேர்வுகளை நான் நடத்தியிருக்கிறேன். இரண்டாவது தேர்வை ஏழு வயதுப் பெண் ஒருத்தியிடம் தோற்றுத்தான் கற்றேன். நாளை நீங்கள் கல்விச் சுற்றுலாவுக்கோ குடும்பப் பயணத்துக்கோ திட்டமிடும்போது, காணப்போகும் இடத்தின் பெருமையை முதலில் எழுதாதீர்கள். உங்களோடு வருபவருள் மிகச் சிறியவர் யார், மிக முதியவர் யார் என்பதை முதலில் எழுதுங்கள். எஞ்சிய கட்டங்கள் தாமே நிரம்பும்.