மகள் ஏன் இளைக்கிறாள்?

தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் காதில் விழுகிறது. நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், பெண் கண்ணை மூடாமல் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். போன மாதம் பிடித்த ரவிக்கை இந்த மாதம் தொளதொளக்கிறது. "என்னத்தா செய்யுது ஒனக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பதோடு பேச்சு முடிந்தது.

வயசுப் பெண்ணை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும் விஷயம் இது. "உச்சி வேளையில ஓடைப் பக்கம் போயிருப்பா, எதையாச்சும் பார்த்துப் பயந்திருப்பா" என்பார் அப்பத்தா. விபூதி மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் அடுத்து நடக்கும்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. பொட்டிபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் சுவர் போல நிற்கிறதே மலை, அந்த மாதிரி மலையும் மலை சார்ந்த இடமும்தான் சங்க இலக்கியத்தின் குறிஞ்சி நிலம். அந்தப் பாட்டுகளிலும் பெண் மெலிகிறாள். வளையல் கழன்று விழுகிறது, தூக்கம் போகிறது, மேனியில் வெளிறிய நிறம் படர்கிறது. அந்த நிறத்துக்குப் பசலை என்று பெயர். தாய் பதறிப் போய் வேலனை அழைக்கிறாள். கழங்கு போட்டுக் குறி பார்த்து, ஆட்டை அறுத்து வெறியாட்டு நடக்கிறது. நற்றிணையில் ஒரு தோழி, இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டவுடன் வந்து நிற்கிறாயே என்று முருகனையே கேலி செய்கிறாள்! அந்தத் தைரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே இந்த விஷயம்தான். 99 பூக்களின் பெயர் வருகிற பாட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் 261 அடிகளும், செவிலித்தாயிடம் தோழி உண்மையைச் சொல்லும் பேச்சு. தினைப்புனம் காக்கப் போன இடத்தில் யானை பாய்ந்து வந்ததையும், வெள்ளம் இழுத்ததையும், ஒருவன் வந்து காப்பாற்றியதையும் சொல்கிறாள். கடைசியில்தான் முக்கியமான செய்தி வருகிறது. அவன் இரவில் வருகிற வழியில் புலியும் பாம்பும் இருக்கின்றன. அதை நினைத்து நினைத்தே உங்கள் பெண் உருகுகிறாள் என்கிறாள். அதாவது, அந்தப் பெண்ணை இளைக்க வைத்தது ஆசை மட்டுமல்ல, பயமும்தான்.

இன்றைய மருத்துவமும் இதிலிருந்து அதிக தூரம் போய்விடவில்லை. மனதுக்குப் பிடித்தவரைக் கண்டாலோ நினைத்தாலோ அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற சுரப்புகள் ரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, நாக்கு உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இரைப்பைக்குப் போகிற ரத்தம் குறைவதால் பசி மட்டுப்படுகிறது. அன்னம் இறங்கவில்லை என்கிறோமே, அது நடிப்பு இல்லை.

இத்தாலியில் பைசா நகரத்து மருத்துவர் டொனாட்டெல்லா மராஸ்ஸிட்டியும் அவர் குழுவினரும் புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 1999-ல் எழுதினார்கள். மூளையில் செரட்டோனின் என்ற பொருளைக் கையாளும் புரதம் அவர்களிடம் குறைந்திருந்தது. கதவைப் பூட்டினோமா பூட்டினோமா என்று ஓயாமல் பார்க்கிற எண்ணச் சுழல் நோயாளிகளிடமும் அதே அளவுதான் இருந்தது. ஒரே நினைப்பு, ஒரே பேர் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். காதலர்களில் சிலரை ஓராண்டுக்கு மேல் கழித்துச் சோதித்தபோது அளவு பழையபடி ஆகியிருந்தது. 2004-ல் வந்த அடுத்த ஆய்வில், புதுக் காதலர்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் கூடியிருந்தது. அது கவலையும் நெருக்கடியும் வரும்போது சுரப்பது. தோழி சொன்ன பயம் நினைவுக்கு வருகிறதா?

இந்த ஜுரம் உச்சத்தில் இருக்கும்போது பெண்ணும் பெரிய முடிவு எடுக்கக் கூடாது, பெற்றவர்களும் எடுக்கக் கூடாது. "கையோட ஒரு மாப்பிள்ளையப் பார்த்து முடிச்சிரு" என்று சொல்லும் உறவுக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவசரக் கல்யாணம் இதற்கு மருந்தாகாது. 18 வயது நிறையாத பெண் என்றால் அது சட்டப்படி குற்றமும்கூட.

காதல் முறிந்து போனால் வேதனை இன்னும் கடுமை. உதறப்பட்ட 15 பேரின் மூளையை ஹெலன் ஃபிஷர் குழுவினர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். போதைப் பழக்கத்தின் ஏக்கத்தோடு தொடர்புடைய இடங்கள் அவர்கள் மூளையில் தூண்டப்பட்டிருந்தன. ஆகவே "அவனை மறந்து தொலை" என்று அதட்டுவது, குடியை விட்டு நடுங்குகிறவனைப் பார்த்து நடுங்காதே என்று சொல்வது போலத்தான்.

ஆனால் ஒன்று. இளைப்பெல்லாம் காதல் இல்லை! வெளிறிய முகம், களைப்பு, படபடப்பு, பசியின்மை எல்லாம் ரத்தசோகைக்கும் பொருந்தும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் சோகை உள்ளவர்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் எடை குறையும், கை நடுங்கும், தூக்கம் வராது. இருமலும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். எனவே பெண்ணின் கைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு முன்னால் போடி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அதற்கு மருந்து உண்டு.

உடம்பில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு பேச்சுக்கு வாருங்கள். தினைப்புனம் இருந்த சரிவுகளில் இப்போது ஏலத்தோட்டம். விடியும் முன்னே ஜீப் ஏறி மெட்டைக் கடந்து ஏலக்காட்டு வேலைக்குப் போகிற தாய், இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறாள். அன்று இரவில் மலை இறங்கி வந்தவன் இன்று கைபேசியில் வருகிறான். பெண்ணோடு உட்கார்ந்து பேச நேரம் ஏது என்று கேட்பீர்கள். பூக்கட்டும்போதும் தலை வாரி விடும்போதும் பேசலாம். முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசும்போது பெண்களுக்கு வாய் எளிதாகத் திறக்கிறது. "யாரு அவன்?" என்று தொடங்காதீர்கள். "ராத்திரி தூங்கலையாத்தா? மனசுல என்ன பயம்?" என்று கேளுங்கள். அவள் பயத்தில் பாதி, அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதாகவே இருக்கலாம். அந்தப் பாதியை இறக்கி வைக்க உங்களால் முடியும்.

பையன் மிரட்டுகிறான், படத்தை வைத்துப் பயமுறுத்துகிறான் என்று தெரிய வந்தால் பெண்ணை அடிக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால் 1098-ஐ அழைக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் இல்லை, யாரோடும் பேச்சில்லை என்றால், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேண்டிய பொருளை எல்லாம் தோழிகளுக்குக் கொடுத்து விடுவதோ, "நான் இல்லாட்டி என்ன" என்ற பேச்சோ கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். அன்று இரவு அவளைத் தனியே படுக்க விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். 104, 14416 ஆகிய இரண்டு எண்களிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.